ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கு அளித்த சுயக்கட்டுப்பாட்டுப் பயிற்சி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூரை ஒட்டிய ஊர் ஒன்றின் பள்ளியில் நடந்தது இது. மாணவனுக்கு அப்போது 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. அந்தப் பள்ளிக்கு வாரத்தில் சில நாள் போய்வரும் ஆலோசகர் என்ற முறையில் இதில் எனக்குப் பங்கு இருந்தது. மாணவனும் பெற்றோரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா வேறொரு கம்பெனியில் செக்கிங். ஆர்டர் இருக்கும் மாதங்களில் இருவருக்கும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள். வீடு சேர ஒன்பது ஆகிவிடும். இரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, சோறு வைப்பது, அவளை உட்காரவைத்து வீட்டுப்பாடம் எழுதவைப்பது எல்லாம் மகன் பொறுப்பு. பாடக் குறிப்புகள் வாட்ஸ்ஆப்பில் வருகின்றன என்று வாங்கிக் கொடுத்த போன் அவன் கையில் இருந்தது.

எட்டாம் வகுப்பு வரை அவன்மேல் பெரிய குறை எதுவும் இல்லை. ஒன்பதில் பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலிருந்து வந்த பையன்களோடு புது வகுப்பு. ஒரே வருடத்தில் நன்றாக வளர்ந்தும் விட்டிருந்தான். ஜூன் மாதமே வகுப்புப் பதிவேட்டில் அவன் பெயர் ஏறத் தொடங்கியது. பெஞ்சை உதைத்தான், ஒருவன் சட்டைப் பையைக் கிழித்தான் என்கிற மாதிரிப் பதிவுகள்.

சம்பவம்

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, மதிய உணவு முடிந்து மணி அடித்த நேரம். ஆசிரியர் இன்னும் வகுப்புக்கு வரவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன் இவனுடைய கணக்குத் தேர்வுத் தாளைப் பிடுங்கி, மதிப்பெண்ணைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். நாலைந்து பேர் சிரித்தார்கள். இவன் கையிலிருந்த ஸ்டீல் தண்ணீர் பாட்டிலை வீசினான். அது அந்தப் பையனின் புருவத்துக்கு மேல் பட்டுக் கிழித்தது. தையல் போட வேண்டியதாயிற்று. இரண்டு அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்பதுதான் பள்ளியில் முதலில் எழுந்த பேச்சு. கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்க முடியாது. ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே அது வெறும் மிரட்டலாக இருக்கவில்லை.

அம்மா அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். "சாமி மாதிரிப் பையனுங்க சார். தங்கச்சிய அப்படிப் பார்த்துக்குவான். பள்ளிக்கூடத்துல மட்டும் ஏனுங்க இப்படிப் பண்றான்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் இந்த ஆய்வின் பெரும்பகுதி போயிற்று.

முதலில் எடுத்த முடிவுகள்

தலைமை ஆசிரியர் காலாண்டுத் தேர்வு வரை அவகாசம் தந்தார். இந்தப் பகுதியில் ஒன்பதாம் வகுப்போடு நின்ற பையனுக்கு அடுத்த வாரமே ஹெல்பர் வேலை கிடைத்துவிடும்; கையில் வாரச் சம்பளம் வந்த பிறகு திரும்பிப் படிக்க வருவது அபூர்வம். டி.சி. வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுதான் முதல் காரணம்.

காலை வழிபாட்டில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கவைக்கும் யோசனையையும் தவிர்க்கச் சொன்னேன். கூட்டத்தின் முன் அவமானப்பட்டதால் வெடித்தவனை இன்னும் பெரிய கூட்டத்தின் முன் நிறுத்துவதில் என்ன பலன்? அடிபட்ட பையனிடமும் அவன் பெற்றோரிடமும் தலைமை ஆசிரியர் அறையில் நேராக மன்னிப்புக் கேட்டான். மருத்துவச் செலவை இவன் அப்பா ஏற்றுக்கொண்டார். அடிபட்ட பையன் கேட்டது ஒன்றுதான்: அவன் பக்கத்தில் தன்னை உட்காரவைக்கக் கூடாது. அன்றைக்கே அதைச் செய்தோம். இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோருடைய கவனமும் அடித்தவன்மேல் போய்விடுகிறது. அடி வாங்கியவன் மறுநாள் அதே வகுப்புக்குப் பயமில்லாமல் வர முடிகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடமும் அனுப்பினோம். கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் கோளாறு உட்படச் சிலவற்றை அவர் பார்த்து, நோய் என்று சொல்ல எதுவும் இல்லை, மருந்து தேவையில்லை என்றார். தூக்கத்தைக் கவனிக்கச் சொன்னார்.

கணினியில் செய்த பயிற்சி

பள்ளியின் கணினி அறையில் ஒரு பயிற்சி விளையாட்டு ஏற்கனவே இருந்தது. திரையில் பச்சை வட்டம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், சிவப்பு வந்தால் அழுத்தக் கூடாது. பச்சை அடிக்கடி வரும், சிவப்பு எப்போதாவது வரும். கை தானாகப் போகும். அதை நிறுத்த வேண்டும். உந்துதலைத் தடுக்கும் திறனை அளக்க உளவியல் ஆய்வகங்களில் நெடுங்காலமாகப் பயன்படும் முறை இது. இதையே தினம் செய்தால் அந்தத் திறன் வளரும் என்பது எதிர்பார்ப்பு. செலவில்லை, ஆபத்தில்லை, பையனுக்கும் பிடித்திருந்தது. மதிய இடைவேளையில் கொஞ்ச நேரம் என்று ஆகஸ்டில் தொடங்கினோம்.

அவனுடைய தவறுகள் மளமளவென்று குறைந்தன. செப்டம்பர் தொடக்கத்தில் அந்த வகுப்பிலேயே அதிகப் புள்ளி அவனுக்குத்தான். அதே வாரம் பின்பெஞ்சில் இருந்த ஒருவனின் கழுத்தை இவன் பிடித்தான். விளையாட்டில் வந்த முன்னேற்றம் விளையாட்டோடு நின்றுவிட்டது.

இது இவனுக்கு மட்டும் நேர்ந்ததாக நான் நினைக்கவில்லை. 2024-இல் நேச்சர் நியூரோசயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், 6 முதல் 13 வயது வரையிலான 235 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இதே வகைத் தடுப்புப் பயிற்சியையும் மறு பிரிவுக்கு வேகப் பயிற்சியையும் எட்டு வாரம் கொடுத்தார்கள். தடுப்புப் பயிற்சி பெற்றவர்கள் பழகிய விளையாட்டில் முன்னேறினார்கள். ஆனால் காத்திருக்கும் பொறுமை, படிப்பு, மனநலம் முதலான எதிலும் மாற்றம் இல்லை. மூளைப் படங்களிலும் வேறுபாடு தெரியவில்லை. தரையில் கை கால் அசைக்கப் பழகியவனை ஆற்றில் இறக்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. காலாண்டுத் தேர்வோடு கணினிப் பயிற்சியை நிறுத்தினோம்.

பதிவேடு காட்டியது

இதற்கிடையில் வகுப்பாசிரியை ஒரு நல்ல காரியம் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எத்தனை மணிக்கு, சுற்றி எத்தனை பேர், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, முந்தைய இரவு எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று நான்கு கேள்விக்கு மட்டும் பதில் எழுதிவந்தார். "ஏன் செய்தாய்?" என்ற கேள்வியை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அந்த வயதில் அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "தெரியல மிஸ்" என்பதுதான். அவர்களுக்கு உண்மையிலேயே தெரிவதில்லை.

செப்டம்பர் கடைசியில் அந்தப் பக்கங்களை மேசையில் பரப்பிப் பார்த்தோம். காலை முதல் இரண்டு பீரியடில் ஒரு சம்பவமும் இல்லை. எல்லாம் மதியத்துக்குப் பிறகு, அதுவும் ஆசிரியர் இல்லாத இடைவெளியில். ஒருவனோடு தனியாக இருந்தபோது சண்டை வந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் பார்த்துச் சிரிக்க மூன்று பேராவது இருந்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் திங்கட்கிழமை. ஞாயிறு இரவு நண்பர்களோடு போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு முடிய ஒன்று, ஒன்றரை ஆகிவிடும். குழாயில் தண்ணீர் வரும் நாளென்றால் ஐந்தரைக்கே எழுந்து குடம் பிடிக்க வேண்டும். சனிக்கிழமை சம்பள நாள். அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. இதை அவனாகச் சொல்ல வெகுநாள் ஆயிற்று.

அக்டோபர் முதல் வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அறிவியல் ரெக்கார்ட் நோட்டில் ஒரு பக்கம் குறுக்கே கிழிந்து, பின்புறம் டேப் ஒட்டியிருந்தது. தங்கை கிழித்திருக்கிறாள். ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து அவன் வரைந்த படம் அது. என்ன செய்தாய் என்று கேட்டேன். "சின்னப் புள்ளைங்க சார், அவளுக்கு என்ன தெரியும்" என்றான். தாளைப் பிடுங்கியதற்குப் பாட்டிலை எறிந்த அதே பையன், ராத்திரி முழுக்க வரைந்த படத்தைக் கிழித்தவளுக்கு டேப் எடுத்துவரச் சொல்லிக் கூடவே உட்கார்ந்து ஒட்டியிருக்கிறான். சுயக்கட்டுப்பாடு இல்லாத பிள்ளை என்று இனி யாரும் அவனைச் சொல்ல முடியாது. எந்த இடத்தில், யார் முன்னால், எத்தனை மணி நேரத் தூக்கத்துக்குப் பிறகு அது கைவிடுகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

இந்த வயது மூளையைப் பற்றி

நாங்கள் யாருடைய மூளையையும் படம் எடுக்கவில்லை. எனவே இந்தப் பையனின் மூளையில் இன்னது மாறியது என்று நான் எதையும் சொல்லப்போவதில்லை. இந்த வயதைப் பற்றி ஆய்வுகளில் உறுதிப்பட்டிருப்பவை எங்கள் முடிவுகளுக்கு வழிகாட்டின.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் குழுவினர் ஒரே பிள்ளைகளை வருடக்கணக்கில் எம்.ஆர்.ஐ. எடுத்து 1999-இல் வெளியிட்ட முடிவுகள் பலருக்கு ஆச்சரியம் தந்தன. மூளையின் முன்பகுதியில், நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல்நிறப் பொருள் பன்னிரண்டு வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், அதன் பிறகு மெல்லக் குறைகிறது. பயன்படாத இணைப்புகள் கழிகின்றன. பயன்படும் நரம்பு இழைகளின்மேல் மயலின் என்ற கொழுப்பு உறை ஏறி, செய்தி வேகமாகப் போகிறது. இந்த முதிர்ச்சி பொதுவாகப் பின்னாலிருந்து முன்னால் நகர்கிறது. திட்டமிடுவதற்கும் அடக்கிக்கொள்வதற்கும் வேண்டிய, நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி கடைசியில்தான் முழுமை பெறுகிறது; அதற்கு இருபது வயதையும் தாண்ட வேண்டும். பரிசுக்கும் பாராட்டுக்கும் துள்ளுகிற உட்பகுதிகளோ பருவம் எட்டும்போதே வேகம் பிடித்துவிடுகின்றன.

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு யோசிக்கத் தெரியாது என்பது இதன் பொருள் அல்ல. இந்தியா உட்பட 11 நாடுகளில் 10 முதல் 30 வயது வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வில், அமைதியாக உட்கார்ந்து யோசிக்கும் திறன் 16 வயதை ஒட்டிப் பெரியவர்கள் அளவை எட்டிவிடுகிறது. பரபரப்பிலும் தூண்டுதலிலும் நிதானம் காக்கும் முதிர்ச்சிதான் 18-ஐத் தாண்டியும் வளர்ந்துகொண்டே போகிறது.

நண்பர்கள் பார்ப்பதன் விளைவும் சோதிக்கப்பட்டிருக்கிறது. மார்கோ கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் 306 பேரை ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டில் உட்காரவைத்தார்கள். தனியாக ஆடும்போது 13 முதல் 16 வயதுக்காரர்கள் பெரியவர்களைவிட அப்படியொன்றும் மோசம் இல்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்றதும் அவர்கள் துணிந்து எடுக்கும் ஆபத்து வெகுவாகக் கூடியது. 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. 2011-இல் இது போன்ற ஆட்டத்தை மூளைப் படக் கருவிக்குள் படுக்கவைத்துச் செய்தபோது, நண்பர்கள் பக்கத்து அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே பதின்வயதினரின் மூளையில் பரிசு தொடர்பான பகுதிகள் கூடுதலாக இயங்கின. அம்மா கேட்ட கேள்விக்கான பதிலில் பெரும்பங்கு இதில் இருக்கிறது. வீட்டில் அவனைப் பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை.

தூக்கத்தைப் பொறுத்தவரை, இந்த வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் சுரப்பது தாமதமாகிறது என்பதைத் தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடனின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 13 முதல் 18 வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இவனுக்குப் பல நாள் ஐந்து மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை.

பகலெல்லாம் பொறுப்பாக இருந்து இவனுடைய சக்தி தீர்ந்துவிட்டது என்ற விளக்கத்தை ஓர் ஆசிரியர் சொன்னார். சுயக்கட்டுப்பாடு செலவாகித் தீரும் என்ற கருத்து 1998 முதல் பரவலாகப் பேசப்பட்டது உண்மைதான். 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து மறுபடி சோதித்தபோது அந்த விளைவு கிட்டத்தட்ட இல்லை என்றே வந்தது. அதனால் அந்த வழியில் நாங்கள் போகவில்லை.

மாற்றிய திட்டம்

அக்டோபரில் தொடங்கிய திட்டத்தின் அடிப்படை இதுதான்: அடக்கிக்கொள்ள வேண்டிய கட்டங்களை முதலில் குறைப்பது, மிச்சமிருக்கும் கட்டங்களுக்கு, அவை வரும் இடத்திலேயே பழகுவது.

தூக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். ஒன்பதரைக்குப் படு என்று சொன்னால் படுத்துப் புரண்டுகொண்டிருப்பான், உடல் ஒத்துழைக்காது. பத்தரைக்குப் போனை அம்மாவின் தலைமாட்டில் சார்ஜ் போட வேண்டும் என்று பேசி முடித்தோம். சனிக்கிழமை மட்டும் பன்னிரண்டு மணி வரை வேண்டும் என்று அவன் கேட்டான், கொடுத்தோம். ஞாயிறு ஆட்டம் மாலைக்கு மாறியது; அதற்கு நண்பர்களிடம் பேசியதும் அவன்தான். இந்த வயதில் மேலிருந்து வரும் விதி நாலு நாள் தாங்கினால் அதிகம். தானே பேரம் பேசி வாங்கிய விதியை மீறுவதற்குக் கொஞ்சமாவது தயங்குவார்கள்.

பள்ளியும் தன் பங்குக்கு மாறியது. மதிப்பெண்ணை வகுப்பில் சத்தமாகப் படிப்பது நின்றது; தாளை மடித்துக் கையில் கொடுத்தார்கள். மதியம் மணி அடிப்பதற்கு முன்பே ஓர் ஆசிரியர் வாசலில் நின்றார். கடைசிப் பெஞ்சிலிருந்து கதவோரம் மூன்றாம் வரிசைக்கு அவன் இடம் மாறியது. தண்டனையாகத் தெரியக் கூடாது என்பதற்காக வகுப்பு முழுக்க இடம் மாற்றினார் வகுப்பாசிரியை.

அப்புறம் குழுப் பயிற்சி. சிகாகோ பள்ளிகளில் ‘பிகமிங் எ மேன்’ என்ற பெயரில் பையன்களுக்காக நடக்கும் திட்டத்திலிருந்து ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டோம். ஒருவன் கைக்குள் பந்து. இன்னொருவன் 30 விநாடிக்குள் அதை வாங்க வேண்டும். அவ்வளவுதான் விதி. ஆறு பேரை வைத்துச் செய்தோம். இவன் எதிரே இருந்தவனின் விரல்களை ஒவ்வொன்றாக நெம்பினான். மணிக்கட்டைத் திருகினான். அந்தப் பையனின் விரல்கணு சிவந்துபோயிற்று, பந்து வரவில்லை. நேரம் முடிந்ததும் ஏன் கேட்டுப் பார்க்கவில்லை என்றேன். "கேட்டா குடுப்பானா சார்?" எதிரே இருந்தவன் கையை உதறிக்கொண்டே சொன்னான்: "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா. ரப்பர் பந்துதானே, வெச்சு நான் என்ன பண்ணப்போறேன்."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. எல்லோரும் போன பிறகு வந்து நின்று, "அன்னைக்குப் பேப்பரைப் புடுங்கினப்பவும் இப்படித்தான் சார். எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு மட்டும்தான் தெரிஞ்சுது" என்றான். அதற்கு முன் உடம்பில் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டேன். "காதுக்குப் பின்னாடி சூடா வரும். அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்காது." அதுவரை அவனிடமிருந்து கிடைத்த தகவல்களில் இதுதான் மிகப் பெரியது.

சிகாகோ திட்டத்தை அந்த நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்துச் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். திட்டம் நடந்த காலத்தில் பையன்கள் கைதாவது 28 முதல் 35 சதவீதமும், வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 45 முதல் 50 சதவீதமும் குறைந்தது. சண்டை போடாதே என்று அங்கே யாரும் பாடம் நடத்தவில்லை. ஒரு கணம் நின்று, நடப்பது என்ன என்று மறுபடி பார்க்கப் பழக்கினார்கள்.

காது சூடாவதைக் குறியாக வைத்து அவனே ஒரு வரி எழுதினான், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், பென்சிலில்: "காது சூடானா பாட்டில எடு, குழாய்க்குப் போ." இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே இணைத்து வைப்பதன் பலனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து ஆராய்ந்து காட்டியிருக்கிறார். கோபப்படாதே என்ற கட்டளை அந்த நேரத்தில் எங்கும் பிடிபடாது. பாட்டிலை எடு என்பது கைக்குச் சொல்லும் வேலை. ஸ்டீல் பாட்டிலுக்குப் பதில் அம்மா பிளாஸ்டிக் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். பாட்டிலைத் தூக்கிக் காட்டினால் அனுமதி கேட்காமலே வெளியே போகலாம் என்று எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லிவைத்தோம்.

ஒத்திகை வகுப்பறையிலேயே நடந்தது, மதிய இடைவேளையில், வகுப்பாசிரியை முன்னிலையில். அவன் நண்பர்கள் மூன்று பேர், அவரவர் பெற்றோர் சம்மதத்தோடு, நோட்டைப் பிடுங்கிச் சிரிக்க வேண்டும். முதல் நாள் எல்லோருக்கும் சிரிப்புத்தான் வந்தது. சில நாள் கழித்து நிஜமாகவே காது சூடானது என்றான். அதன் பிறகுதான் ஒத்திகைக்கு அர்த்தம் வந்தது. பாட்டிலை எறிந்ததில் அடிபட்ட பையனை இதில் சேர்க்கவில்லை; அவனுக்கு அந்தப் பாரம் தேவையில்லை.

அதன் பின் நடந்தவை

ஒரு வாரத்துக்குள் அவனுக்குத் ‘தண்ணி லாரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இது எதிர்பார்த்ததுதான். வகுப்பாசிரியை அந்தச் சலுகையை வகுப்பு முழுவதற்கும் விரித்தார். ஒரு நேரத்தில் ஒருவர் போகலாம். இரண்டே வாரத்தில் அந்தப் பெயர் மறந்துபோயிற்று. வேறு இரண்டு பிள்ளைகளும் கோபம் வரும்போது குழாயடிக்குப் போகத் தொடங்கினார்கள்.

தீபாவளி வரை பதிவேட்டில் அடிதடி இல்லை. தீபாவளிக்குக் கம்பெனிகள் போனஸ் கொடுத்து மூடுவார்கள், திருப்பூரே காலியாகும். அவர்களும் சொந்த ஊருக்குப் போனார்கள். அங்கே சித்தப்பா பையன்களோடு விடிய விடியப் போன். திரும்பி வந்த வாரம் விளையாட்டு பீரியடில் கபடிக்கோட்டில் தகராறு. ஒருவனைப் பிடித்துத் தள்ளினான், முழங்கை சிராய்த்தது. ஆனால் உடற்கல்வி ஆசிரியர் விசாரிக்கும் முன்பே அவர் முன்னால் போய் நின்றான். "சார், நான்தான் தள்ளினேன். காது சூடாச்சு. பாட்டில் கிளாஸ்ல இருந்துச்சு."

இந்த வாக்கியத்தை நாங்கள் நிறைய நேரம் பேசினோம். இரண்டு செய்தி அதில் இருந்தது. முதலாவது, சூட்டை அவன் கவனித்திருக்கிறான். ஜூலையில் அந்தக் கணமே அவனுக்கு இருக்கவில்லை. பெரியவர்களிடம் எலியட் பெர்க்மன் குழு நடத்திய தடுப்புப் பயிற்சி ஆய்வொன்றில், பயிற்சிக்குப் பிறகு மூளையின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் நிறுத்தும் கணத்தில் குறைவாகவும், அதற்கு முன்பே முன்னறிவிப்பு வரும் கணத்தில் கூடுதலாகவும் இயங்கின. வேலை முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. இவனிடம் அதுதான் நடந்தது என்று என்னால் நிறுவ முடியாது. வெளியில் தெரிந்தது அதற்குப் பொருந்தி வருகிறது. இரண்டாவது, வகுப்பறையில் பழகியது மைதானத்துக்கு வரவில்லை. கணினிப் பயிற்சியில் பார்த்த அதே எல்லை இங்கேயும் இருந்தது. மைதானத்துக்குத் தனியாக ஒரு வரி எழுதி, அங்கேயே பழகினோம்: காது சூடானால் கோட்டை விட்டு வெளியே வந்து பி.டி. சாரின் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆட்டத்தில் அது தோல்வியாகக் கருதப்படாது என்று அவர் எல்லோருக்கும் அறிவித்தார்.

ஜனவரியிலிருந்து முழு ஆண்டுத் தேர்வு வரை கைநீட்டிய பதிவு இல்லை. கத்தினான், கதவை அறைந்தான் என்ற பதிவுகள் உண்டு. தூக்கம் ஏழு மணி நேரத்தை ஒட்டி வந்தது. போதாது, ஆனால் முன்பைவிட எவ்வளவோ மேல். கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறினான். அப்பாவின் சனிக்கிழமைகள் மாறவில்லை. கோடை விடுமுறையில் பத்தரை மணி விதி உடைந்தது, ஜூனில் மறுபடி பேசிப் பிடித்தோம். இதை எழுதும்போது பத்தாம் வகுப்பில் பாதியைத் தாண்டியிருக்கிறான்.

இதில் எவ்வளவு பயிற்சியால் வந்தது, எவ்வளவு ஒரு வயது கூடியதால் வந்தது என்று பிரிக்க வழியில்லை. மதிப்பெண்ணைப் படிப்பதை நிறுத்தியதும் வாசலில் ஆசிரியர் நின்றதும் பாட்டிலைவிட அதிகம் உதவியிருக்கலாம். அப்படியிருந்தால் எனக்கு மகிழ்ச்சியே. அந்த மாற்றங்களால் வகுப்பில் இருந்த மற்ற நாற்பது பேருக்கும் பலன் கிடைத்தது.

இனி எப்படிச் செய்வோம்

நான்கு கேள்விப் பதிவேடு இப்போது எந்தப் பயிற்சிக்கும் முன்னால் வருகிறது. இரண்டு வாரப் பக்கங்கள் சேராமல் திட்டம் எழுதுவதில்லை. நான்கிலும் தூக்கம் பற்றிய கேள்வி முதலாவதாக இடம் மாறியிருக்கிறது. திட்டத்தையும் வகுப்பறை, மைதானம், பேருந்து நிறுத்தம், வீடு என்று இடவாரியாகப் போடுகிறோம். ஒவ்வொரு இடத்துக்கும் தனி வரி, அந்தந்த இடத்திலேயே ஒத்திகை. நீண்ட விடுமுறைக்கு முந்தைய வாரமும் திரும்பிய வாரமும் பெற்றோரிடம் பேசுவதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

மாலை நாலரையிலிருந்து ஒன்பது வரை ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குப் பெற்றோராக இருக்கும் வீடுகளில், அந்த நேரத்தைக் குறைப்பதை முதல் மாதமே செய்ய வேண்டும். இந்தத் தங்கையை ஜனவரியில் தெருவிலேயே நடந்த இல்லம் தேடிக் கல்வி மையத்தில் சேர்த்த பிறகு, அண்ணனுக்கு மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைத்தது. மைதானத்தில் வாலிபால் ஆடப் போனான். இரவில் போனை எடுக்கும் வேகம் அந்த வாரத்திலிருந்தே குறைந்தது என்று அம்மா சொன்னார்.

அப்பாக்களைச் சந்திக்கும் நாளையும் மாற்றியிருக்கிறோம். வேலை நாளில் பள்ளிக்கு வரச் சொன்னால் அரை நாள் கூலி போகும். அதனால் அம்மா மட்டுமே வருவார், குடியைப் பற்றிய பேச்சு அவரோடு நின்றுவிடும். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்குத் தலைமை ஆசிரியர் அறை திறந்திருக்கிறது. குடியை விட விரும்புகிறவர்களை அரசு மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவுக்கு அனுப்பும் சீட்டும் அங்கேயே எழுதித் தருகிறோம்.